அடிவிளிம்பு கிழிந்த நாள்காட்டி

களைக்கொல்லிக் கம்பெனி கொடுத்தது.
எத்தனையோ வருஷம் ஆயிற்று,
எடைமேடை அறையில் யாரும் அதைக் கழற்றவில்லை.
பன்னிரண்டு படங்கள்.
நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா என்று
அட்டையில் போட்டிருந்தது.
வரைந்தவர்கள் பெயர் இருந்த அடிவிளிம்பை
யாரோ டயர்க்கடை நம்பர் எழுதக்
கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பகாவிலிருந்து ஏழு கிலோமீட்டர், செம்பனை ஆலை.
ராத்திரி ஷிப்ட்டில் நானும் தராசும்.
லாரி ஏறும். எண் துள்ளி நிற்கும்.
எழுதுவேன். இறங்கும்.
நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம்
அந்தப் படங்களுக்குத்தான்.

ஜனவரியில் ஒருத்தி கண்மூடி இருக்கிறாள்,
தண்ணீருக்கு மேல் தோளும் முகமும் மட்டும்.
தூங்குகிறாளா, செத்தாளா,
எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாளா?
மார்ச்சில் வெட்டிய தலை ஒன்று
அந்தரத்தில் நின்று வெளிச்சம் விடுகிறது.
டிரைவர் குணாளன் ஏப்ரலுக்குத் திருப்பிவிட்டுத்தான்
கையெழுத்தே போடுவான்.
சம்பளத்துக்கு முன்னால் ரத்தம் பார்க்கக் கூடாதாம்.
ஜூலையில் பெண் முகமும் சிறுத்தை உடம்புமாய் ஒன்று,
இளைஞன் கன்னத்தில் கன்னம் வைத்து,
முன்னங்காலை அவன் வயிற்றில் ஊன்றி.
"பேங்க் லோன்" என்றார் சூப்பர்வைசர் ஜெயபாலன்.
நவம்பரில் ஒற்றைக் கண் பலூனாகி
வானம் ஏறுகிறது.
மேனேஜர் கேமரா மாட்டிய பிறகு
நவம்பரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

செப்டம்பரைத் தேடி வந்தவன் ஷஹாதத் ஒருவன்தான்.
கொங்சியில் பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும்,
போனைச் சார்ஜ் போட இங்கே வருவான்.
கறுத்த மரங்கள் அடர்ந்த பாறைத் தீவு.
அதை நோக்கி ஒரு படகு.
படகில் நீளமாய் ஒரு பெட்டி,
பக்கத்தில் வெள்ளை போர்த்தி நமக்கு முதுகு காட்டி
நிற்கிறது ஓர் உருவம்.
"சியாப்பா?" என்பான் விரல் வைத்து.
தெரியாது என்பேன்.
அந்த மரத்தில் குலை தள்ளுமா என்று கேட்டான் ஒருநாள்.
இன்னொரு நாள் வெகுநேரம் பார்த்துவிட்டு,
"துடுப்புப் போடுறவனுக்கு என்ன கூலி?"
அதுவரை துடுப்புப் போடுகிறவனை
நான் கவனித்ததே இல்லை.

ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம்.
கொதிகலன் புகை மழையில் நனைந்து
கூரைமேல் படுத்திருந்தது.
பதினாலாம் நம்பர் காட்டில்
அலுமினியக் கழி மின்கம்பியைத் தொட்டதாம்.
வாக்கிடாக்கி சொன்னது, பிறகு இரைந்தது,
பிறகு அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேறு பாதை இல்லை,
எடைமேடைமேல்தான் ஏற வேண்டும்.
எஸ்டேட் ஹைலக்ஸ் ஏறியது.
பின்தட்டில் நீளமாய், தார்ப்பாய் மூடி.
பக்கத்தில் ஒருவன் கம்பியைப் பிடித்து நின்றான்,
மழைக்குத் தலையோடு இழுத்துப் போர்த்திய
வெள்ளை உரச்சாக்கு.
முதுகு மட்டும் தெரிந்தது.
வெளிச்சம் இன்னும் வரவில்லை.
செம்பனைகள் கறுப்பாய் நின்றன.

எண் துள்ளியது, நின்றது:
இரண்டாயிரத்து இருபது.
அந்த வண்டியின் வெறும் எடை
எனக்கு மனப்பாடம்.
கழித்துப் பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள்
கை பழக்கத்தில் கழித்துவிட்டது.
மூன்று பேர்.
யார் எவ்வளவு என்று தராசு பிரித்துச் சொல்லவில்லை.
சீட்டு அச்சாகி வெளியே நாக்கு நீட்டியது.
கையெழுத்து வாங்காத முதல் சீட்டு.

அர்த்தம் சொல்லட்டுமா என்று
செப்டம்பர் என்னைக் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
வெளியே கம்பத்துப் பெட்டியில்
எலிக்காக வளர்க்கும் வெள்ளை முக ஆந்தை
தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தது.
அது எதற்கும் அடையாளம் இல்லை.
அதன் வாயில் எலி இருந்தது.

மேசையில் அவன் சார்ஜர்.
பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
குணாளன் லாரியை ஏற்றி ஹாரன் அடித்தான்.
இருபத்தெட்டு டன், அறுநூறு.
எழுதினேன்.